நிறுத்தி வைத்த மாருதி 800: ஒரே வாரத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது, கரண்ட் எங்கே போகிறது?

ஞாயிறு டிரைவர்

வணக்கம். அப்பா வாங்கிய 2004 மாடல் மாருதி 800. பாளையங்கோட்டை வீட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் கூட்டிப் போவேன். வண்டிக்கு அவ்வளவுதான் ஓட்டம்.

இரண்டு மாதமாக ஞாயிறு காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் எடுப்பதில்லை. தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. எதிர்வீட்டுப் பையன்கள் இப்போதெல்லாம் நான் பானட்டைத் திறந்தாலே உள்ளே போய்விடுகிறார்கள்.

பேட்டரி பழசு என்று புதிதாக 35 ஆம்பியர்-அவர் ஒன்று போட்டேன். முதல் ஞாயிறு இழுத்து இழுத்து எடுத்தது. அடுத்த ஞாயிறு பழையபடி 'டக்'. கடையில் கொண்டுபோய் லோடு டெஸ்ட் செய்ததில் பேட்டரியில் குறை இல்லை என்கிறார்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட் வருகிறது. ஆனாலும் இங்கே ஒரு எலக்ட்ரீஷியன் 'டைனமோ போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்' என்கிறார். இறக்கலாமா?

டீசல் தம்பி

ஞாயிறு மட்டும்தானே ஓட்டுறீங்க? வண்டியை விட்டதும் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்க. 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். வேலை முடிஞ்சது.

பழைய ஸ்பேனர்

தம்பி சொன்னதை ஒரு வாரம் மட்டும் செய்து பாருங்கள். ஆனால் அது வைத்தியம் இல்லை, சோதனை. கேபிளைக் கழற்றி வைத்து அடுத்த ஞாயிறு செல்ஃப் ஒழுங்காக எடுத்தால் பேட்டரி மேல் பழி இல்லை, வண்டிதான் தின்கிறது. கழற்றி வைத்தும் இறங்கினால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு.

டைனமோவை இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். 14.1 வருகிறது என்றால் சார்ஜ் ஆகிறது. டைனமோவுக்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு கசிந்தால் சார்ஜும் ஆகும், நிற்கும்போது கரண்டும் இறங்கும் என்பது உண்மைதான். அதை இறக்காமலே கண்டுபிடிக்கலாம், அப்புறம் சொல்கிறேன்.

இன்னொன்று. கோயிலும் மார்க்கெட்டும் எத்தனை கிலோமீட்டர்? நாலைந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு வாரம் இழந்தது திரும்பி வராது. கழற்றி வைப்பதற்கு முன்னால் சார்ஜர் போட்டு முழுசாக ஏற்றிவிடுங்கள். 3 ஆம்பியர் போல மெதுவாக, ஒரு ராத்திரி முழுக்க.

ஞாயிறு டிரைவர்

போய்வர 6 கிலோமீட்டர் இருக்கும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். சார்ஜ் ஏற்றி, சார்ஜரை எடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.66 வோல்ட். கேபிளைக் கழற்றி வைத்து, இன்று ஏழாம் நாள் பார்த்தேன்: 12.62. செல்ஃப் முதல் திருப்பிலேயே எடுத்துவிட்டது. அப்படியானால் வண்டிதான் தின்கிறது. என்னிடம் 350 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று உண்டு. அது போதுமா?

பழைய ஸ்பேனர்

தாராளமாகப் போதும்.

சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய ஓட்டையில் செருகுங்கள். பக்கத்தில் இருக்கும் மில்லி ஆம்பியர் ஓட்டையில் செருகினால் உள்ளே இருக்கும் குட்டி ஃபியூஸ் போய்விடும். டயலையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைக் கேபிளிலும் இன்னொன்றைப் பேட்டரி முனையிலும் வையுங்கள். வண்டி தின்னும் கரண்ட் மொத்தமும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும்.

மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. ஹெட்லைட்டும் போடாதீர்கள், இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்பியரை நெருங்கும். மீட்டர் புகைந்துவிடும்.

கதவு திறந்திருந்தால் உள்ளே டோம் லைட் எரியும். 5 வாட் பல்பு மட்டுமே 0.4 ஆம்பியர் காட்டும், அதை வைத்துக் குழம்பாதீர்கள். ஃபியூஸ் பிடுங்க வசதியாக டிரைவர் கதவைத் திறந்து வைத்து, கதவு ஸ்விட்ச்சை ஒரு டேப் போட்டு அமுக்கி வைத்துவிடுங்கள். சாவி கையில் இருக்கட்டும்.

இந்த வண்டியில் இப்போதைய கார்கள் மாதிரி தூங்கப் போவதற்கு அரை மணி எடுக்கும் கம்ப்யூட்டர்கள் இல்லை. அஞ்சு நிமிஷம் போதும். 0.02, 0.03 என்று காட்டினால் அது ஸ்டீரியோவின் ஞாபகத்துக்கும் இஞ்சின் கம்ப்யூட்டருக்கும் போவது. 0.05-க்கு மேல் போனால் தேட வேண்டும்.

ஞாயிறு டிரைவர்

0.17 காட்டுகிறது! அசையாமல் அப்படியே நிற்கிறது. ஆனால் பார்க்கச் சின்ன எண்ணாக இருக்கிறதே, இதுவா பேட்டரியைச் சாப்பிடும்?

மதுரை வயர்மேன்

கணக்குப் போடுங்கள். 0.17-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 4 ஆம்பியர்-அவர். ஏழு நாளில் 28. உங்கள் பேட்டரியே 35 தானே. ஞாயிறு காலையில் மிச்சம் 7. அதில் 'டக்' சத்தம் வருவதே பெரிய விஷயம். புது பேட்டரி முதல் வாரம் இழுத்துக்கொண்டு எடுத்ததும் இதனால்தான்.

இனி ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைன்தான். எந்த ஃபியூஸ் எந்த இடம் என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை எடுக்காமல் பிடுங்கிவிட்டுப் பட்ட பாடு போதும்.

ஸ்டீரியோ வெளியே வாங்கிப் போட்டதா? அப்படியானால் அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனுக்கும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வரும் லைனுக்கும் போக வேண்டும். சோம்பேறித்தனத்தில் இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

ஞாயிறு டிரைவர்

ஸ்டீரியோ வெளியே போட்டதுதான். ஆனால் அதன் ஃபியூஸை எடுத்தால் 0.17-லிருந்து 0.16 ஆகிறது, அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். ஃபியூஸ் பாக்ஸே பொக்கை வாய் மாதிரி இருக்கிறது. பானட்டுக்குள் இருக்கும் மெயின் ஃபியூஸ்களையும் எடுத்துப் பார்த்தேன். இப்போதும் 0.15.

எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகு எந்த வழியாகக் கரண்ட் போகும்? மீட்டரே பொய் சொல்கிறதா?

பழைய ஸ்பேனர்

மீட்டர் உண்மைதான் சொல்கிறது. ஃபியூஸ் வழியாகப் போகாத கரண்டுக்கு மூன்று வழிதான்: டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், அல்லது யாரோ பேட்டரி முனையிலிருந்து நேரடியாக இழுத்த ஒயர்.

இப்போது டைனமோ. கை வைத்தே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் டைனமோவைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். டையோடு பெரிசாகக் கசிந்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உங்களுடையது கொஞ்சம் கரண்ட்தான், கைக்குத் தெரியாமலும் போகலாம். அதனால் நெகட்டிவ்வைக் கழற்றிய பிறகு டைனமோவின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரின் நட்டைக் கழற்றி, அந்த ஒயர் நுனியில் ஒரு துண்டு சைக்கிள் ட்யூப்பைச் சுற்றி ஓரமாக வையுங்கள். நெகட்டிவ்வைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனர் போடாதீர்கள், பாடியில் பட்டால் ஸ்பேனர் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மீட்டரை மறுபடி வைத்துப் பாருங்கள்.

ஞாயிறு டிரைவர்

கழற்றினேன். 0.15 அப்படியே இருக்கிறது, துளிகூட மாறவில்லை. டைனமோ தப்பித்தது.

ஒரு விஷயம் கவனித்தேன், இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. மீட்டர் முனையை வைக்கும்போதெல்லாம் முன்பக்கம், இடது ஹெட்லைட் பக்கமாக 'டிக்' என்று மெல்லிய சத்தம். எடுத்தால் மறுபடி ஒரு 'டிக்'. தெரு அமைதியாக இருந்ததால்தான் காதில் விழுந்தது.

மதுரை வயர்மேன்

சம்பந்தமா! அதுதான் ஆள். அது ரிலே ஒட்டும் சத்தம். ரிலே என்பது சின்ன கரண்டில் ஒட்டி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச். சாவி கையில் இருக்கும்போது அங்கே எந்த ரிலேவுக்கும் வேலை இல்லை. சாதாரண 12 வோல்ட் ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் மின்தடை 80, 85 ஓம் இருக்கும். 12.6-ஐ 85-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஞாயிறு டிரைவர்

0.148!

போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிறு டிரைவர்

கிடைத்துவிட்டது. ஹெட்லைட்டுக்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு ரிலே. தொட்டால் இளஞ்சூடு. அதிலிருந்து ஒரு ஒயர் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குக் கீழே, கிளாம்ப் போல்ட்டோடு சேர்த்து முறுக்கப்பட்டிருக்கிறது. அழுக்கும் பச்சைப் பூசணமும் மூடியிருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. நடுவில் ஃபியூஸ் என்று ஒன்றும் இல்லை.

இது அப்பா போட்ட ஃபாக் லேம்ப்புக்கான ரிலே. இரண்டரை மாதத்துக்கு முன்னால் பம்பர் ஒடுங்கி டிங்கரிங், பெயிண்ட் அடித்தபோது உடைந்த ஃபாக் லேம்ப் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். லேம்ப்பை எடுத்தவர்கள் ரிலேயையும் ஸ்விட்ச்சையும் விட்டுவிட்டார்கள். ஸ்விட்ச் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அதற்குள் எரியும் சின்ன விளக்கு செத்து வருஷக்கணக்காகிறது. எப்போதோ யார் முழங்காலோ பட்டு ஆன் ஆகியிருக்கிறது. லேம்ப் இருந்திருந்தால் எரிந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

ஸ்விட்ச்சை ஆஃப் செய்து, ஃபியூஸ் எல்லாவற்றையும் போட்டோவைப் பார்த்துத் திரும்பப் போட்டேன். மீட்டர் 0.02 காட்டுகிறது.

பழைய ஸ்பேனர்

ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி. ரிலே ஒட்டியிருந்தது என்றால் லேம்ப்புக்குப் போகும் ஒயரிலும் கரண்ட் இருந்தது என்று அர்த்தம். லேம்ப் இல்லை, ஒயர் முனைகள் பம்பருக்குப் பின்னால் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். ஃபியூஸ் இல்லாத லைன். அது பாடியில் பட்டால் ஒயர் பழுக்கச் சிவந்து தீப்பிடிக்கும். உடனே குனிந்து பாருங்கள்.

ஞாயிறு டிரைவர்

பார்த்தேன். வலது பக்க முனையில் டேப் சரியாகத்தான் இருக்கிறது. இடது பக்கம் டேப் வெயிலில் உருகி நழுவி, ஒரு விரற்கடை செம்பு வெளியே தெரிகிறது. பாடித் தகட்டுக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி.

நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு ரிலே, ஒயர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிட்டேன். பேட்டரி முனைகளை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வாசலின் தடவியாயிற்று.

டீசல் தம்பி

நான் சொன்னபடி கேபிளை மட்டும் கழற்றிப் பழகியிருந்தால், ஞாயிறு ஓட்டும்போது பற்றியிருக்குமோ? வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன்.

ஞாயிறு டிரைவர்

ஒரு வாரம் கழித்து: கேபிளைக் கழற்றவில்லை, சார்ஜரும் போடவில்லை. இன்று காலை 12.54 வோல்ட். செல்ஃப் எடுத்தது.

ஸ்விட்ச் இருந்த ஓட்டை டேஷ்போர்டில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே செல்போன் சார்ஜர் சாக்கெட் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

மதுரை வயர்மேன்

போடலாம். பேட்டரியிலிருந்து நேராக இழுக்காதீர்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனிலிருந்து, நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வைத்து எடுங்கள். போட்ட பிறகு மீட்டரை வைத்து 0.02 தானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.