ஐரோப்பிய இசைச் செயலிக்கு மாறலாமா?

உவர்மலைக்காரன்:
இப்போது யூடியூப் மியூசிக் பாவிக்கிறேன். மாதாமாதம் அமெரிக்காவுக்குக் காசு கட்டுவதை விட்டுவிட்டு டீசர், கோபஸ் போன்ற பிரெஞ்சுச் செயலிக்கு மாற யோசனை. கேட்பது நாதஸ்வரம், எழுபதுகளின் சினிமாப் பாட்டு, கொஞ்சம் ஈழத்துப் பாடல்கள். நிலாவெளி பஸ்ஸில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், டவுன்லோட் கட்டாயம் வேண்டும்.

கோணேசர்வீதி அண்ணா:
தம்பி, ஸ்பாட்டிஃபையும் ஐரோப்பாதான். 2006இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கினார்கள், 2021இல் இலங்கைக்கு வந்தது. பங்கு விற்பது நியூயோர்க்கில், அது வேறு கதை. டைடல் என்ற இசைச் செயலி நோர்வேயில் பிறந்தாலும் இப்போது அமெரிக்கர் கையில். கோபஸ் எல்லா நாட்டிலும் கிடைக்காது, காட் நம்பரைக் கொடுக்க முன் அதைப் பாரும்.

ரேடியோப்பித்து:
ஃபிளாக் (ஒலியில் எதையும் இழக்காத பெரிய கோப்பு) தரத்துக்கு ஆசைப்பட்டால் டேட்டா காலி. ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 30 எம்பி வரும்; சுருக்கிய 320 கேபிபிஎஸ் தரம் என்றால் 12 எம்பிதான். புளூடூத் ஹெட்போன் எப்படியும் சத்தத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பஸ்ஸுக்கு 320 தாராளம்.

நிலாவெளி அக்கா:
பிளேலிஸ்ட்டை சவுண்டீஸ் என்ற இணையச் சேவை புதுச் செயலிக்கு மாற்றித் தரும், அதுவும் பிரெஞ்சுதான். ஆனால் யாரோ கசெட்டிலிருந்து யூடியூபில் ஏற்றிய பாட்டுகள் வராது. உங்கள் ஈழத்துப் பாடல்களில் பாதி அப்படித்தான் இருக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் வேறு பாட்டும் வந்து உட்காரும். கட்டாமல் முதலில் இலவசக் கணக்கில் தேடிப் பாருங்கோ.

உவர்மலைக்காரன்:
சரி அக்கா, நாதஸ்வரத்தைத்தான் முதலில் தேடப்போகிறேன். அது இல்லையென்றால் மாறுவதில் அர்த்தமில்லை.