மறு: ஈகோ எஃபிஷியன்சி: 'சூழல் சிக்கனம்' பொருந்துமா?

வணக்கம். 'ஈகோ எஃபிஷியன்சி' (eco-efficiency) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியது:

> "சூழல் சிக்கனம் என்றே வைத்துவிடலாம், யாருக்கும் புரியும்."

புரியும்தான். தப்பாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் தயக்கம்.

நம் மதுரைப் பக்கத்து நூல் சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் சிமெண்டுத் தொட்டி, குறுக்கே கம்பு, கம்பில் சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டு. ஆட்கள் நின்று புரட்டிப் புரட்டி முக்குவார்கள். ஒரு தடவை தொட்டி நிரப்ப, கிலோ நூலுக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர். மூடிய இயந்திரம் வந்தால் அது ஏறத்தாழப் பாதியாகும். கூடவே உப்பும் குறையும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ரியாக்டிவ் சாயத்துக்கு (பருத்தி நூலோடு வேதிவினையால் பிணையும் சாயம்) உப்பை நூல் எடைக்குப் போடுவதில்லை, லிட்டர் கணக்கில் போடுகிறார்கள். கழிவின் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. கிணற்றில் தங்குவதோ உப்பு.

சரி, இது சிக்கனமா? இயந்திரத்துக்குக் கடன் வாங்கியவர் பழைய அளவுக்கே சாயம் போட்டால் தவணை கட்ட முடியாது. ஷிப்ட் கூடும். நூல் மூன்று மடங்கானால் மொத்தத் தண்ணீர் ஒன்றரை மடங்கு. லிட்டருக்கு 60 ஓடும் பைக்கில் தினம் ராமேஸ்வரம் போய்வந்தால் பெட்ரோல் மிச்சமாகுமா? ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இல் நிலக்கரியை வைத்துச் சொன்னதும் இதுதான்.

ஐஎஸ்ஓ 14045 என்ற சர்வதேசத் தரம் 'ஈகோ எஃபிஷியன்சி' என்ற சொல்லால் குறிப்பது, பொருளின் மதிப்பையும் அது சூழலுக்குத் தரும் பாதிப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அளவை. ஆகவே என் பரிந்துரை 'சூழல் பயன்வீதம்', அதாவது ஓர் அலகு பாதிப்புக்கு எவ்வளவு பயன் என்பது. தலைகீழாக, கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் 'சுமைவீதம்'. மொத்தத்துக்கு 'மொத்தச் சுமை'. மூன்றும் தனித்தனியாக இருந்தால்தான் அறிக்கையில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது.

இன்னொரு வசதி, 'சூழல்' என்ற முன்னொட்டை 'நீர்', 'ஆற்றல்' என்று மாற்றிக்கொள்ளலாம். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை இருந்தால்தான் அங்கே பட்டறையைத் திறக்க முடியும் என்றானது. வடிகட்டும் சவ்வு வழியாக நீரை மீட்டு, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்கிறார்கள். நீர்ப் பயன்வீதம் ஏறுகிறது, ஆற்றல் பயன்வீதம் இறங்குகிறது. 'சிக்கனம்' என்று ஒரே சொல்லில் அடைத்தால் இது எங்கே தெரியும்?

'வீதம்' என்றால் வட்டிதான் ஞாபகம் வருகிறது என்பவர்கள் 'விகிதம்' என்று போட்டாலும் எனக்கு மறுப்பில்லை.