நோட்டாவா, ஆளா? – ‘பெரிய வீட்டுச் சொந்தங்கள்’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி, காலை 6:52
எங்க தொகுதியில 19 பேரு நிக்கிறாய்ங்க. ஒருத்தனும் தேற மாட்டான். இந்தத் தடவை நோட்டாதேன்.

கோமதி அத்தை, 6:58
நோட்டா நெறைய விழுந்தா மறுபடி தேர்தல் வைப்பாகளாமேப்பா?

மேலூர் பெரியப்பா, 7:10
சட்டமன்றத் தேர்தல்ல அப்படி ஒண்ணும் கெடையாது கோமதி. நோட்டாவே முதல்ல வந்தாலும், அதுக்கு அடுத்து யாரு கூட வாங்குனாகளோ அவுகதான் எம்.எல்.ஏ. 2013 செப்டம்பர்ல உச்சநீதிமன்றம் கேட்டது, யாரும் வேண்டாம்னு ரகசியமாச் சொல்ல ஒரு பட்டன். அம்புட்டுதேன். அதுக்கு முன்னாடி 49-ஓன்னு ஒரு விதி. அதிகாரிகிட்ட வாயைத் தொறந்து சொல்லணும், 17ஏ-ன்னு வாக்காளர் பதிவேட்டுல எழுதுவாக, பக்கத்துல ஏஜென்டு அம்புட்டு பேரும் பார்த்துக்கிட்டு இருப்பாய்ங்க.

மேலூர் பெரியப்பா, 7:16
டெபாசிட் கணக்கையும் பாரு. ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலைன்னா டெபாசிட் போச்சு. அந்த ஆறுல ஒண்ணை, வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான ஓட்டுலதான் கணக்குப் பண்ணுவாக, நோட்டாவைச் சேர்க்க மாட்டாக. 1,80,000 ஓட்டுன்னா 30,000 தாண்டணும். 6,000 நோட்டா இருந்து அதையும் சேர்த்தா 31,000 தாண்ட வேண்டியிருக்கும். ஆக நீ கோவத்துல அமுக்குற பட்டன், தோத்தவனுக்கு 10,000 ரூபாயைக் காப்பாத்திக் குடுத்தாலும் குடுக்கும் 😄

கார்த்தி, 7:21
அடப்பாவமே. அப்ப வீட்டுல படுத்துத் தூங்குறேன்.

முருகேசன் மாமா, 7:40
தூங்குறதுக்கு முன்னாடி படிவம் 26-ஐப் படிச்சியா மாப்ள? ஒவ்வொரு வேட்பாளனும் சொத்து, வழக்கு விவரத்தையெல்லாம் நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் குடுக்குற பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையத் தளத்துல தொகுதி வாரியா கெடக்கு. ஸ்கேன் மங்கலா இருக்கும், பெருசு பண்ணிப் பாரு.

கார்த்தி, 7:43
19 பேரோடதையுமா? ஒவ்வொண்ணும் இருபது பக்கத்துக்கு மேல இருக்கு மாமா.

முருகேசன் மாமா, 7:58
கடைசியில பகுதி ‘ஆ’ன்னு சுருக்கம் இருக்கும். அதை வச்சு முதல்ல கழிச்சுக்கட்டு. மூணு நாலு பேரு மிஞ்சுவாய்ங்க. அவிய்ங்களோடத மட்டும் முழுசாப் படி.

நான் முதல்ல போறது நிலத்துப் பக்கத்துக்கு. சர்வே நம்பர், பரப்பு, பூர்வீகமா கிரயமா, கிரயம்னா வாங்குன தேதி, வாங்குன வெலை, இன்னைய சந்தை மதிப்பு எல்லாம் எழுதியிருக்கணும். அந்த சர்வே நம்பரைப் பதிவுத்துறை தளத்துல போட்டா வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசாங்கம் வச்சிருக்கிற வெலை, வரும். சந்தை மதிப்புன்னு எழுதுனதும் வழிகாட்டி மதிப்பும் ரூபாய் மாறாம ஒத்துப்போனா, ஆளு நெசமான வெலையை எழுதலைன்னு அர்த்தம். ஊமச்சிகுளம் பக்கம் வழிகாட்டி மதிப்புக்கு எவன் நெலம் குடுப்பான்?

அடுத்து, அதே ஆளு போன தேர்தல்ல குடுத்ததை எடுத்துப் பக்கத்துல வை. வேட்பாளர் பத்திரங்களைச் சேர்த்து வச்சிருக்கிற மைநேத்தா தளத்துல பழசும் இருக்கு. அன்னைக்கு இருந்த சர்வே நம்பர் இன்னைக்கு இல்லைன்னா வித்த பணம் எங்கயாச்சும் தெரியணும், பேங்கு இருப்புலயோ புதுச் சொத்துலயோ. ரெண்டுலயும் இல்லைன்னா யோசி. கணவன் மனைவி, இந்துக் கூட்டுக்குடும்பம், வேட்பாளரைச் சார்ந்திருக்கிறவுகளுக்குத்தான் கட்டம் உண்டு. சம்பாதிக்கிற மகன், மச்சினன் பேரு அதுல வராது. சொத்து அங்க போய் உக்காந்துக்கும்.

கோமதி அத்தை, 8:04
நகைக்கும் கட்டம் இருக்காண்ணே?

முருகேசன் மாமா, 8:06
இருக்கு, எடையோட. வருமானத்துக்கு அஞ்சு வருசக் கணக்கு. அரசாங்க வீட்டு வாடகை, கரண்டு, தண்ணி பாக்கிக்குக்கூட கட்டம் இருக்கு. எதையும் வெறுமனே விடக் கூடாது, ‘இல்லை’ன்னாவது எழுதணும். அதுவும் உச்சநீதிமன்றம் 2013-ல சொன்ன இன்னொரு தீர்ப்புதேன்.

கார்த்தி, 8:15
ஒருத்தருக்கு 11 வழக்கு, இன்னொருத்தருக்கு ஒண்ணே ஒண்ணு. 11 உள்ள ஆளை முதல்லயே தள்ளிரலாம்ல?

மேலூர் பெரியப்பா, 8:27
எண்ணிக்கையை வச்சுத் தள்ளாதடா. பிரிவைப் பாரு. இ.த.ச.ன்னா இந்திய தண்டனைச் சட்டம்; அதுல 143, 188, 341 வரிசையா இருந்தா பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டத்துல போட்டது. ஒண்ணே ஒண்ணு 420 (மோசடி), 406 (நம்பிக்கை மோசடி), இல்ல 307 (கொலை முயற்சி)-ன்னா அது வேற சமாச்சாரம். 2024 ஜூலை 1-லருந்து நடந்த சம்பவத்துக்குப் போட்ட வழக்குன்னா, புதுச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துட்டதால நம்பர் மாறிருக்கும். 420-க்குப் பதிலு 318(4), 307-க்குப் பதிலு 109. அடுத்த கட்டத்துல குற்றச்சாட்டு வனைஞ்சாச்சா இல்லையான்னு இருக்கும். வனைஞ்சாச்சுன்னா முதல் பார்வையில விசயம் இருக்குன்னு நீதிபதி நெனச்சிருக்காருன்னு அர்த்தம்.

வழக்கு உள்ளவுக பேப்பர்லயும் டி.வி.யிலயும் மூணு தடவை விளம்பரம் போடணும். பேப்பர்ல பொடி எழுத்துல வரும், தேடிப் பாரு.

வித்யா அக்கா (கலிஃபோர்னியா), 8:41
இங்க ஆளுக்கு மட்டும் இல்ல, சட்டத்துக்கும் ஓட்டு. 2024 நவம்பர்ல மாநில அளவுல மட்டும் 10 தீர்மானம். ஒவ்வொண்ணுக்கும் ஆமாம் / இல்லை. அரசே கையேடு அனுப்பும். ஆதரவு வாதம், எதிர் வாதம், அரசுக்கு என்ன செலவுன்னு எல்லாம் அதுலயே இருக்கும்.

ஆனா ஒரு பொறி உண்டு. சட்டசபை போட்ட சட்டத்தை நிறுத்த கையெழுத்து வாங்கிக் கொண்டுவர்ற தீர்மானத்துல ‘ஆமாம்’னா சட்டம் இருக்கட்டும்னு அர்த்தம். 2022-ல 31-ம் தீர்மானம், வாசனைப் புகையிலைத் தடை. தடை வேணும்கிறவுக ‘ஆமாம்’ போடணும். வேண்டாம்னு கொண்டுவந்த கூட்டம் கேட்டது ‘இல்லை’.

கார்த்தி, 8:44
அதுதான்க்கா வேணும். ஆளே வேண்டாம், விசயத்துக்கு மட்டும் ஓட்டுப் போடலாம்.

மேலூர் பெரியப்பா, 8:59
இங்க அதுக்குக் கிட்ட வர்றது கிராம சபை. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விசயத்தை எடுத்துக்க. 2024 நவம்பர்ல மேலூர்ப் பக்கத்து ஊருக கிராம சபையில வேண்டாம்னு தீர்மானம் போட்டுச்சு, டிசம்பர்ல சட்டமன்றம் போட்டுச்சு, 2025 ஜனவரி 23 ஏலம் ரத்து. வெறும் தீர்மானத்தால நடந்துச்சுன்னு சொல்லல, சனமும் ரோட்டுக்கு வந்துச்சு. ஆனா ‘மக்கள் கேக்கல’ன்னு எவனும் சொல்ல முடியாம ஆக்குனது அந்தக் காகிதம்.

தப்பு நடக்குற எடம் ஒண்ணே ஒண்ணு. வந்ததும் வருகைக் கையெழுத்தைப் போட்டுட்டு டீ குடிக்கக் கெளம்பிருவாக, தீர்மானத்தைப் பெறகு யாராச்சும் எழுதிக்குவாய்ங்க. தீர்மான நோட்டுல எழுதி, வாசிச்சுக் காட்டுற வரைக்கும் நகரக் கூடாது. மக்கள் தொகை 3,000-க்கு மேல 10,000-க்குள்ளன்னா 200 பேரு இருந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும்.

கோமதி அத்தை, 9:10
துட்டு குடுக்க வந்தா என்ன செய்ய? 😬

முருகேசன் மாமா, 9:13
2009 இடைத்தேர்தல்லயே ஓட்டுக்குத் துட்டு குடுக்குறதுக்குத் ‘திருமங்கலம் ஃபார்முலா’ன்னு பேரு ஆயிருச்சே தங்கச்சி 🙈 வாங்குறதும் குத்தம்தான், ஒரு வருசம் வரைக்கும் செயிலு. தேர்தல் ஆணையத்தோட சி-விஜில் செயலியில அங்கயே படமோ வீடியோவோ எடுத்துப் போடணும், பழசை ஏத்த விடாது. 100 நிமிசத்துக்குள்ள நடவடிக்கைன்னு கணக்கு.

கார்த்தி, 9:30
சரி, நாலு பேரோடத எடுத்துட்டேன். மூணு பேரு நெலத்துல பழசும் புதுசும் ஒத்துப்போகுது. நாலாவது ஆளுக்கு ரெண்டு சர்வே நம்பரைக் காணோம்.

முருகேசன் மாமா, 9:32
படத்தை எனக்குத் தனியா அனுப்பு. பட்டா இன்னைக்கு யாரு பேர்லன்னு பார்ப்போம். குழுவுல போடாத.

மேலூர் பெரியப்பா, 9:41
19 பேருன்னா மிஷின் ரெண்டு இருக்கும், ஒண்ணுல 16 பட்டன்தான். மூணு பேரும் நோட்டாவும் ரெண்டாவதுல. அமுக்குனதும் வி.வி.பேட் கண்ணாடியில 7 நொடிதான் சீட்டுத் தெரியும், அங்கிட்டு இங்கிட்டுப் பார்க்காத. பூத் சிலிப்பை மட்டும் கொண்டுபோனா விட மாட்டாக, வாக்காளர் அட்டை, ஆதார் மாதிரி ஏதாச்சும் ஒரு அடையாள அட்டை கையில இருக்கணும்.

கோமதி அத்தை, 9:44
அப்பத்தாவுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவாகளா?

மேலூர் பெரியப்பா, 9:50
85 முடிஞ்சிருக்கணும், அவுகளுக்கு 83தான். வீட்டு ஓட்டுக்கான 12டி படிவம் குடுக்குற நாளும் தாண்டிருச்சு. பூத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, சாய்வுப்பாதையும் சக்கர நாற்காலியும் இருக்கும். கண்ணு சரியாத் தெரியாதுன்னு தலைமை அதிகாரிகிட்டச் சொன்னா துணைக்கு ஒரு ஆளை விடுவாரு. 18 முடிஞ்சிருக்கணும், அன்னைக்கு வேற யாருக்கும் துணை போயிருக்கக் கூடாது. கார்த்தி, நீ போ. அவுக சொல்ற சின்னத்துலதான் அமுக்கணும், ஒன் இஷ்டத்துக்கு இல்ல. துணைக்குப் போறவுகளுக்கு வலது ஆள்காட்டி வெரல்ல மை.

கார்த்தி, 9:52
அப்ப எனக்கு ரெண்டு கையிலயும் மையா?

கோமதி அத்தை, 9:53
ஆமா ராசா. காலையில ஏழு மணிக்கே ஆட்டோ சொல்லிரு.