கவிமணி பெயரைத் தாங்கிய கோட்டாற்றுப் பள்ளியும் நாம் செய்யக்கூடிய சிறப்பும்

அன்பார்ந்த ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் பகுதியிலுள்ள கோட்டாற்றில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பெயரில் இயங்கும் அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளிக்கு நம் சங்கத்தின் சார்பில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். சிலை, கல்வெட்டு, வளைவு என்று பலவும் பேசப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பெயர் அந்தப் பள்ளிக்கு ஏன் இவ்வளவு பொருத்தமானது என்பதை மாணவியர் அறியச் செய்வதே முதல் சிறப்பு என்று கருதுகிறேன்.

கவிமணி 1876ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் தேரூரில் பிறந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நம் நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால் பள்ளியில் மலையாளம் படிக்க வேண்டிய நிலை. அருகிலிருந்த வாணன்திட்டு மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் பாடம் கேட்டுத்தான் அவர் தமிழ் இலக்கியமும் இலக்கணமும் கற்றார். பின்னர் கோட்டாற்று ஆரம்பப் பள்ளியிலும், நாகர்கோவிலிலும், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலுமாக 36 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, 1931இல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான புத்தேரியில் தங்கினார். ஆகவே கோட்டாறு அவர் பாடம் சொல்லிக்கொடுத்த இடம். பெண்களைப் படிக்க வைப்பது அவர் வாழ்நாளில் பாதியைச் செலவிட்ட தொழிலின் ஒரு பகுதி. பெயரை மட்டும் இரவல் வாங்கிய பள்ளியன்று இது.

"தோட்டத்தில் மேயுது வெள்ளைப் பசு" என்ற பாட்டை நம் பிள்ளைகள் எந்த நாட்டில் வளர்ந்தாலும் மழலையிலேயே பாடிவிடுகிறார்கள். "மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா" என்ற அடியும் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. ஆனால் நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்காக அவர் பட்ட துயரம் முழுவதும் இறங்கியிருக்கும் நூல் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. அதை நம்மில் எத்தனை பேர் முழுவதும் படித்திருக்கிறோம்? உழைத்துச் சேர்த்த சொத்து மனைவிக்கும் மக்களுக்கும் சேராமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போய்விடும் மருமக்கள்தாய முறையை, அதனால் நொந்த ஐந்தாம் மனைவி ஒருத்தி தானே பேசுவதாக அமைத்து, ஊர்ப் பேச்சின் நெளிவுசுளிவுகளோடு அவர் பாடினார். கணவன் இறந்த மறுநாளே பிள்ளைகளுடன் வெளியேறிய பெண்களைப் பற்றி எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்நூலைப் படித்தபோது ஆச்சியின் குரலே எனக்குக் கேட்டது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து சொந்தப் பிள்ளைகளுக்குச் சொத்து சேரும் மக்கள் வழிக்கு வாசல் திறந்தது. அதற்கு ஊர் மனத்தைப் பண்படுத்தியவற்றுள் கவிமணியின் அந்தப் பாட்டுக்கும் பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகையால் என் கோரிக்கை இது. பள்ளித் தலைமையின் ஒப்புதல் பெற்று, வகுப்புக்கு ஐந்து படிகளாவது 'மலரும் மாலையும்', 'ஆசிய ஜோதி', மான்மியம் ஆகிய நூல்களை வாங்கிக் கொடுப்போம். மேல்வகுப்பு மாணவியர் தம் வீட்டு ஆச்சிமாரிடம் மருமக்கள் வழிக் காலத்து நினைவுகளைக் கேட்டு எழுதி வரட்டும். அக்காலத்தைத் தம் தாயார் வாயிலாக அறிந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால் இதில் தாமதம் கூடாது. அவ்வாறு வந்தவற்றுள் நல்லவற்றைச் சூலை 27 அன்று அவர்களே மேடையேறிப் படிக்க வேண்டும். விருந்தினர் உரை அதற்குப் பிறகு போதும்.

1954 செப்டம்பர் 26இல் மறைந்த கவிமணி, 1956 நவம்பரில் நம் மண் தமிழகத்தோடு இணைந்ததைக் காணவில்லை. இன்று அதே மண்ணில், தமிழ் வகுப்பறையில், பெண் பிள்ளைகள் அவர் பாட்டை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நூல்களுக்கான செலவில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். மான்மியத்தின் பழைய பதிப்பு எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.

அன்புடன்,
தேரூர்க்காரன் ஒருவன்