மறு: லிமிற் சுவிச்சுக்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

கிளிநொச்சி, தொழில்நுட்ப ஆசிரியை:
வணக்கம். எங்கள் பிள்ளைகள் முதிரைச் சட்டத்தில் சின்னதாக ஒரு சிஎன்சி, அதாவது கணினி சொல்கிறபடி பலகை வெட்டுகிற மெசின், கட்டியிருக்கிறார்கள். வயரிங் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சென்சருக்கு 'உணரி' இருக்கிறது, அதில் சண்டை வராது என்று நம்புகிறேன். மெசினின் ஓடும் மேசை சட்டத்தின் முனையில் முட்டமுன் நிறுத்துகிற லிமிற் சுவிச்சுக்கு 'எல்லை ஆளி' சரியா?

மாங்குளம், பட்டறைக்காரர்:
ரீச்சர், எல்லை என்றால் எங்கள் பக்கத்தில் காணிப் பிணக்குத்தான் ஞாபகம் வரும். 'வரம்பு' போடுங்கோ. வயலில் நடந்த பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை. வரம்பாளி.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
தொழிலாளி, கடனாளி, விருந்தாளி வரிசையில் வரம்பாளியும் ஒரு ஆள் போலத்தான் கேட்கிறது. சுவிச்சுக்கு இங்கே 'சொடுக்கி' என்றால் புரியும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, ஈழத்துப் பாடநூலில் ஆளி வேரூன்றி எவ்வளவோ காலமாயிற்று. ஆள் என்ற வினையடியோடு இகரம். மின்னை ஆள்வது ஆளி. சங்கப் பாட்டில் யானையைக் கொல்லும் விலங்கும் ஆளிதான். கோயில் தூணில் நிற்பது யாளி. யாறு ஆறானது, யாடு ஆடானது, யாண்டு ஆண்டானது. நாம் இன்றும் 'ஆர் அது' என்றுதானே கேட்கிறோம்? அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சொடுக்குவதா? முட்டுவதால் இயங்குவது என்பதால் முட்டு, ஆளி இரண்டையும் புணர்த்தலாம். உகரம் மெய்யைவிட்டு ஓடும்.

மாங்குளம்:
ஓடவிட்டுப் பார்த்தேன் ஐயா. 'முட்டாளி' வருகிறது. வகுப்பில் ஆரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

பரந்தன், மின்வேலை செய்பவர்:
பெயர் எதுவும் வைக்கட்டும். அழுத்தாத நேரம் தொட்டபடி இருக்கிற தொடுகையில் கட்டச் சொல்லுங்கோ. வயர் அறுந்தாலும் பிளக் கழன்றாலும் மெசின் அந்த இடத்திலேயே நிற்கும். அழுத்தும்போது மட்டும் தொடுகிற மற்றதில் கட்டினால், வயர் அறுந்தது மேசை சட்டத்தில் மோதிய பிறகுதான் தெரியும். மோட்டர் வயரோடு உணரி வயரைச் சேர்த்துக் கட்டவும் வேண்டாம். ஒருவரும் தொடாமலே சுவிச் அழுத்தினதாக எண்ணி நடுவழியில் நின்றுவிடும். வலையுறை போட்ட வயர் நல்லது, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணவேண்டும்.
எனக்கு வேறொரு சொல்லில்தான் கரைச்சல். 'மூடிய தொடுகை' என்று எழுதினால் பிள்ளைகள் ஓஃப் என்று நினைக்கிறார்கள். குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும், சுற்றை மூடினால் மின் ஓடும்! 'தொட்டிருப்பது', 'விட்டிருப்பது' என்று எழுதினால் என்ன?

கிளிநொச்சி:
சோதனைத்தாளில் 'மூடிய சுற்று' என்றுதான் வரும் அண்ணை. அதை மாற்ற எனக்குத் துணிவில்லை. படத்தின் கீழே உங்கள் சொற்களைப் போடுகிறேன். ஹோமிங்குக்கும் ஒன்று வேண்டும்: மேசை போய் ஆளியைத் தொட்டு, கொஞ்சம் விலகி, மெதுவாகத் திரும்பத் தொட்டு, பூச்சியத்தை எடுக்கிறதே, அது.

மாங்குளம்:
பட்டியடைதல். பொழுதுபட மாடு தானாக வருகிற மாதிரி.

வவுனியா:
பட்டிமாடு என்றால் கட்டாக்காலி என்றும் பொருள் உண்டு, தம்பி.

கிளிநொச்சி:
சரி, நாளைக்கு அச்சு. 'வரம்பு ஆளி' என்றே போடுகிறேன், புணர்த்தாமல். ஹோமிங் 'தொடக்கம் தேடல்'.

வவுனியா:
புணர்த்தாமல் விடுவதற்கு என் சம்மதம் இல்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

சென்னை:
'ஆளி' என்ற சொல்லுக்கு என் சம்மதமும் இல்லை.

பரந்தன்:
ரீச்சர், படத்தில், வெட்டலகை மேலும் கீழும் கொண்டுபோகிற இசட் அச்சுக்கு வரம்பு ஆளியைக் கீழே கீறியிருக்கிறீர்கள். மேலே மாற்றுங்கோ. தொடக்கம் தேடும்போது முதலில் இசட் மேலே ஏறவேண்டும், இல்லாவிட்டால் வெட்டலகு பலகையை உழுதுகொண்டு போகும்.