சண்டை நடக்கும்போது ஊராட்சி எப்படி ஓடியது? பார்த்தவர்கள் எழுதுங்கள்

வடசென்னைவாசி

2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தபோது, குண்டு விழுந்தால் எங்கே ஓடுவது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் பேசினார்கள். எனக்கு வேறு கேள்வி. 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது எங்கள் பாட்டி குடும்பம் தண்டையார்பேட்டையை விட்டுப் பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறது. ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். வந்த சனத்துக்குத் தண்ணீர் போதாமல் சண்டை வர, கிராம முன்சீப் வீட்டுக்கு வீடு முறை வைத்து இறைக்க விட்டாராம். விமானம், பட்டாளம் பற்றியும் பாட்டி எவ்வளவோ சொல்லியிருப்பார். எனக்கு நிற்பது அந்த முறை வைத்த கதைதான்.

அதனால் கேட்கிறேன். போர் வருஷக்கணக்கில் நீண்டால் குப்பையை யார் அள்ளுவார்கள்? தண்ணீருக்கு யார் பொறுப்பு? காசு எங்கிருந்து வரும்? புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் இருக்கும் ஈழத்துச் சொந்தங்கள் இதை நேரில் பார்த்தவர்கள். உங்கள் ஊர் அலுவலகம் எப்படி நடந்தது என்று எழுதுங்கள். இயக்கம், அரசியல் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே ஊர் நிர்வாகம் மட்டும்.

வன்னி எழுதுவினைஞர்

வணக்கம் தம்பி. நான் வன்னியில் ஒரு பிரதேச சபையின் உப அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். இப்போது புழலில் இருக்கிறேன். இங்கே கிளார்க் என்பீர்கள்.

பிரதேச சபை என்பது உங்கள் ஊராட்சி மன்றம் மாதிரி. 1987-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஆனால் எங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் சனம் அதற்கு வாக்குப் போட்டது சண்டையெல்லாம் முடிந்து 2011 ஜூலையில்தான். அதுவரை தவிசாளர் (சபைத் தலைவர்) கிடையாது, உறுப்பினர் கிடையாது. செயலாளர், எழுதுவினைஞர்கள், கொஞ்சம் தொழிலாளிகள், அவ்வளவுதான் சபை.

சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிலும் ஆசிரியர், ஆஸ்பத்திரி ஊழியர், கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஆட்கள் எல்லோருக்கும் அரசாங்கச் சம்பளம்தான். இதைச் சென்னையில் சொன்னால் பலர் நம்புவதில்லை. சண்டை பிடித்த இரண்டு பக்கமும் அந்த ஏற்பாட்டை விட்டுவைத்திருந்தன. இரண்டு பக்கத்துக்கும் அந்தச் சனம் வேண்டியிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சம்பளம் வந்தால் மட்டும் சபை நடக்காது. சபைக்கென்று சொந்த வருமானம் வேண்டும். எங்களுக்குச் சோலைவரி (வீட்டுவரி), சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணத்தில் பங்கு, காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வை என்று வழிகள் இருந்தன. ஒவ்வொன்றாக அடைபட்டது. அரசாங்க நீதிமன்றம் அங்கே இல்லை, ஆகவே தண்டப்பணமும் இல்லை. கூரை போன வீட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு சோலைவரி கேட்பது? கடைக்காரர்களிடம் புலிகளின் நிதித்துறையும் வரி எடுத்தது. ஏற்கெனவே ஒரு பற்றுச்சீட்டை (ரசீதை) வைத்திருப்பவரிடம் நாங்களும் போய் நின்றால் அவர் சாமான் விலையில்தான் அதை ஏற்றுவார். வாங்குவது அதே இடம்பெயர்ந்த சனம்.

கடைசியில் மிஞ்சியது சந்தை. முன்பு ஒருவர் வருஷக் குத்தகைக்கு எடுப்பார். சண்டைக்குள் எவர் எடுப்பார்? நாளைக்குச் சந்தை அதே இடத்தில் இருக்குமா என்றே தெரியாது. அதனால் சபையே அன்றன்றைக்கு இடவாடகை வாங்கியது. கீரைக்கட்டு கொண்டுவரும் கிழவிக்கும் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கடதாசி வேண்டும். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு நாங்களே பற்றுச்சீட்டுப் புத்தகம் தைத்தோம். கார்பன் தாள் கிடைப்பது பெரிய பாடு. ஒரே தாளைத் திருப்பித் திருப்பி வைத்து எழுதி, வெளிச்சத்தில் பிடித்தால் பழைய இலக்கங்கள் எல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதையும் எறிய மாட்டோம். வெயிலில் கொஞ்சம் காட்டினால் மை இளகி இன்னும் சில துண்டுக்கு வரும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்துவிட்டது. டீசல், பெட்ரோல், சீமெந்து, பற்றரி, உரம் எதுவும் உள்ளே வர முடியாது. உழவு இயந்திரம் வாசலில் நின்றது. குப்பையையும் தண்ணீர்ப் பீப்பாயையும் மாட்டு வண்டியில் ஏற்றினோம். வண்டிக்காரருக்குக் கூலி கொடுக்கச் சந்தைக் காசு. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் படித்தார்கள், நாங்கள் அதில் கணக்கு முடித்தோம்.

1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்துச் சனம் முழுக்கக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பெரும் பகுதி பிறகு கிளாலிக் கடலேரியைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்திடம் விழ, அக்கராயன், மல்லாவி, துணுக்காய் என்று காட்டோர ஊர்களில் சனம் குவிந்தது. பழைய சனத்தொகைக்கு ஒதுக்கிய தொழிலாளிகள்தான், பாவிப்பதோ பல மடங்கு பேர். கிணறுகளுக்குக் குளோரின் போடுவதுதான் முதல் வேலை. சுகாதாரப் பரிசோதகர் தூளைத் தருவார், போடுவதற்குக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஆள் தரும். வாந்திபேதி வந்தால் எங்களிடம் கொடுக்க மருந்து இல்லை. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது, அதனால் சிரமதானத்துக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் வந்தார்கள்.

சங்கக்கடையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. நிவாரணம் முழுக்க அதன் வழியாகத்தான். அரிசி, மா, சீனி, பருப்பு வவுனியாவிலிருந்து லொறியில் வரும். வர வேண்டியது முழுதாய் வந்த நாள் அரிது. எங்கள் ஊர்ச் சங்கக்கடை முகாமையாளர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். லொறி இறங்கியதும் வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவார்: வந்த மூட்டை, நிறை, சாக்குக் கிழிந்து கொட்டியது எவ்வளவு, வண்டு விழுந்து ஒதுக்கியது எவ்வளவு, மொத்தக் கூப்பன் அட்டை, ஒரு அட்டைக்கு வருவது எவ்வளவு. எழுதி முடித்த பிறகுதான் தராசைத் தொடுவார். மழை பெய்து அழிந்தால் மறுபடி எழுதுவார். அரை லொறி வந்த நாளில்கூட அந்தக் கடை வாசலில் கைகலப்பு நடந்ததில்லை. அவரை விடப் படித்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவரளவு நான் மதிக்கும் நிர்வாகி எவரும் இல்லை.

மணலி மேரி

ஐயா, படிக்கப் படிக்கக் கஷ்டமா இருக்கு. ஒரு சந்தேகம். நான் இங்கே ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், அதனால் கேட்கிறேன். தணிக்கை நடந்ததா? இடம் மாறி மாறி ஓடும்போது ரசீதெல்லாம் என்ன ஆகும்?

வன்னி எழுதுவினைஞர்

நடந்தது பிள்ளை. கணக்காய்வு ஐயவினா என்று கடிதம் வரும். இன்ன மாதம் வண்டிக்கூலி கொடுத்ததற்குச் சிட்டை எங்கே, இன்ன தளபாடம் இருப்பில் இல்லையே என்று. அந்த மேசை செல்லடியில் (ஷெல் வீச்சில்) போன அலுவலகத்தோடு போயிருக்கும். அதை எழுதி, செயலாளர் உறுதிப்படுத்தி, கிராம அலுவலர் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று, அந்தக் கடிதம் வருகிறது என்றால் நாங்கள் இன்னும் ஒரு அலுவலகம் என்று எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறோம் என்று அர்த்தம். இளைய எழுதுவினைஞர்கள் கோபப்படும்போது அதைத்தான் அவர்களுக்குச் சொல்வேன்.

ஓடும்போது எதை எடுப்பது என்பதற்கு ஒழுங்கு இருந்தது. காசேடு முதலில், பற்றுச்சீட்டு அடிக்கட்டை அடுத்தது, சம்பளப் பட்டியல் அதற்குப் பிறகு. தட்டச்சு இயந்திரம் பாரம், அதை விட்டுவிடலாம். உரப்பையில் கட்டி சைக்கிள் கரியரில் வைத்தால் போய்ச் சேரும் இடத்தில் மரத்தடியிலேயே அலுவலகம் திறக்கலாம். திறந்தோம்.

விதானையார் மகள்

ஐயா எழுதியது அப்படியே எங்கள் வீட்டுக் கதை. என் அப்பா கிராம அலுவலர். ஊரில் விதானையார் என்பார்கள். 2006-ல் சண்டை மறுபடி மூண்டு, வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையையும் பூட்டியபோது அம்மாவும் நாங்களும் படகேறி ராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் முகாம், அப்புறம் இங்கே. அப்பா வரவில்லை. “பதிவை ஆரிட்ட விட்டிட்டு வாறது?” என்று கேட்டார்.

அப்பாவின் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர், அட்டை இலக்கம், ஆட்கள் எத்தனை, எங்கிருந்து வந்தவர்கள், இப்போது எந்தக் காணியில் கொட்டில் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். இடம்பெயர்ந்தால் பென்சிலால் அடித்து மேலே புது இடம் எழுதுவார். இறந்தால் மட்டும் பேனை. விதானைமார் எல்லோரும் தரும் கணக்கைப் பிரதேச செயலகம் கூட்டி, கச்சேரிக்கு அனுப்பும். அதை வைத்துத்தான் நிவாரணம் வரும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2009 பெப்ரவரியில் முல்லைத்தீவில் 3,30,000 பேர் இருக்கிறார்கள் என்று அங்கே இருந்த மேலதிக அரசாங்க அதிபர் (மாவட்ட நிர்வாகத்தில் இரண்டாம் நிலை அதிகாரி) கொழும்புக்குக் கணக்கு அனுப்பினார். அரசு அதை ஏற்கவில்லை. இருப்பவர்கள் ஒரு லட்சம்கூட இல்லை என்றது. உணவும் மருந்தும் அந்தச் சின்னக் கணக்குக்குத்தான் ஒதுக்கப்பட்டன. மே மாதம் சண்டை முடிந்தபோது முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். விதானைமார் கணக்கு பொய்யில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்ட கேள்வியும் இந்தப் பதிவேடுகளில் இருந்து வந்ததுதான். 2008 அக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் 4,29,059 பேர். அரசாங்கப் பக்கம் வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே என்று அவர் கேட்டார். இன்றைக்கும் அதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, கொட்டில் கொட்டிலாய்ப் போய்ப் பெயர் எழுதிய ஆட்களால்தான். என் அப்பாவும் அதில் ஒருவர். எனக்கு அதில் பெருமை உண்டு, அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

ராயபுரம் இன்ஜின் ரூம்

நான் கப்பலில் வேலை செய்கிறவன். போரைப் பார்த்ததில்லை, பார்த்தவரோடு ஒரே கப்பலில் இருந்தேன். எங்கள் செகண்ட் ஆபீசர் உக்ரைன்காரர், ஒடெசாவுக்கு உள்ளே ஒரு கிராமம். அவர் அம்மா அந்த ஊரின் ஸ்தாரோஸ்தா. நம்மூர் மணியக்காரர், ஊராட்சித் தலைவர் இரண்டையும் சேர்த்த மாதிரி வேலை. அங்கே 2014 முதல் சின்னக் கிராமங்களைச் சேர்த்து ஹ்ரொமாதா என்று பெரிய ஊராட்சிகள் ஆக்கியிருக்கிறார்கள்.

ஈழத்து ஐயா சொன்னதற்கு நேர் எதிர்க் கதை காசு விஷயத்தில். அங்கே சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியில் பெரும்பங்கு உள்ளூராட்சிக்கே போகும். போர் வந்ததும் படைவீரர் சம்பளம் ஏற, அந்த வரியும் ஏறியது. முகாம் இருந்த ஊராட்சிகளுக்கு எதிர்பாராத பணம். சில இடங்களில் அந்தக் காசில் நடைபாதைக் கல் பதித்தார்கள் என்று ஊரே கொதித்ததாம். முன்னணியில் டிரோனுக்குக் காசு இல்லை, இங்கே கல்லா என்று. கடைசியில் 2023 அக்டோபர் முதல் அந்தப் படைவீரர் வரியை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. நியாயம்தான், ஆனால் அதை நம்பிப் பதுங்குமிடம் கட்டத் திட்டம் போட்ட ஊர்களும் சேர்ந்து அடிபட்டன என்று அந்த அம்மா மகனிடம் போனில் பேசுவார்.

2022 குளிர்காலத்தில் மின்நிலையங்களைத் தாக்கியபோது ஊர்ப் பள்ளியில் ஜெனரேட்டர் வைத்து, அடுப்பு மூட்டி, டீ போட்டு, போன் சார்ஜ் செய்ய இடம் திறந்திருக்கிறார்கள். நாடு முழுக்க அப்படித் திறந்தார்கள். டீசல் யார் ஊற்றினார்கள், எத்தனை லிட்டர் என்று அவர் அம்மாவும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாராம். கரும்பலகைக் கதையைப் படித்ததும் அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

காவாங்கரை தம்பி

அக்கா, விதானையார் மகள் அக்கா, ஒரு உதவி. நான் முகாமில் பிறந்தவன். அப்பாவின் பிறப்புப் பத்திரம் இடம்பெயரும்போது தொலைந்துவிட்டது. என் பேப்பர் எதற்குப் போனாலும் அப்பாவுடையதைக் கேட்கிறார்கள். அந்த ஊர்ப் பதிவேடு இப்போது இருக்குமா?

விதானையார் மகள்

இருக்கலாம் தம்பி. பதிவாளரிடம் இருந்த ஏடு எரிந்திருந்தாலும் மேலே ஒரு பிரதி போயிருக்கும். அப்பாவின் முழுப் பெயர், தாத்தா பாட்டி பெயர், பிறந்த ஆஸ்பத்திரி அல்லது வீடு, கிராம அலுவலர் பிரிவு, வருஷம் இவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள். பிரிவின் பெயர் தெரியாவிட்டால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் எவரிடமாவது கேள், இப்போதைய விதானையார் சொல்லிவிடுவார். அதோடு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் போ. முகாம் பிள்ளைகளுக்குப் பத்திரம் எடுத்துக் கொடுப்பதில் அவர்களுக்குப் பல வருஷப் பழக்கம். உன்னுடைய பிறப்பை இலங்கையில் பதிவது சென்னையில் இருக்கும் துணைத் தூதரகம் வழியாக.

ஏடே கிடைக்கவில்லை என்றால், தேடிப் பார்த்தும் இல்லை என்று அங்கிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். அதை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, பழைய கூப்பன் அட்டை எது இருந்தாலும் எறிந்துவிடாதே, எல்லாவற்றையும் நகல் எடுத்து வை. ஊர்ப் பெயரை எனக்குத் தனியே அனுப்பு. அப்பாவோடு வேலை பார்த்த விதானைமார் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.