குளக்கரை உயிரினங்களை முறையாகப் பதிவு செய்வது எப்படி?

கோரை (கேள்வி): வணக்கம். சிறிய நன்னீர்க் குளம் ஒன்றையும் அதன் கரையையும் ஓராண்டு கவனித்து, அங்கு வாழும் செடிகொடிகளையும் விலங்குகளையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கண்ணில் பட்டவற்றின் பெயர்களை எழுதி வருகிறேன். பட்டியல் நீள்கிறதே தவிர, எது பெருகுகிறது, எது குறைகிறது என்பது அதிலிருந்து தெரியவில்லை. எந்த முறையைப் பின்பற்றலாம்?

மீன்கொத்தி: முதலில் தாவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், அவை ஓடிவிடாது. நீரின் விளிம்பிலிருந்து மேட்டு நிலம் வரை ஒரு கயிற்றை நேராகக் கட்டி, 2 மீட்டருக்கு ஒருமுறை 50 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள இனங்களையும் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு பரப்பை மூடியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். படர்ந்து வேர்விடும் புல்லைத் தனித்தனிச் செடியாக எண்ண இயலாது என்பதால்தான் பரப்பைக் கணக்கிடச் சொல்கிறேன். சட்டம் வைக்கும் இடங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூத்திருக்கும் இடத்தை நோக்கியே கை போகும்.

ஊசித்தட்டான்: விலங்குகளில், குளத்தின் மேல் பறக்கும் தட்டான் அங்கேதான் பிறந்தது என்று கொள்ள முடியாது, அது வேறு நீர்நிலையிலிருந்தும் வந்திருக்கலாம். நீருக்கு மேல் நீண்டிருக்கும் தண்டுகளில், முதுகு பிளந்து, உள்ளிருந்து மூச்சுக்குழல்களின் வெண்ணிற இழைகள் தொங்க ஒட்டிக்கொண்டிருக்கும் உரிதோல்களைத் தேடுங்கள். அந்த இனம் அக்குளத்தில் வளர்ந்து வெளிவந்ததற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. வலையில் சிக்கும் தட்டான் வகை இளவுயிரிகளில், வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள்கள் இருந்தால் அது ஊசித்தட்டான், இல்லையென்றால் தட்டான். வெள்ளைத் தட்டில் நீரோடு இட்டுப் பார்த்துவிட்டு உடனே திருப்பி விட்டுவிடுங்கள்.

ஆம்பல்: மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், அதே அளவு நேரம் தேடி, அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் கண்ட ஐந்து நத்தைகளும் மூன்று மணி நேரத்தில் கண்ட ஐந்து நத்தைகளும் ஒன்றல்ல. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். நீர்த்தாவரங்கள் இரவில் ஒளிச்சேர்க்கையின்றிச் சுவாசம் மட்டுமே செய்வதால், அதன் அளவு பொதுவாக விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்து, பிற்பகலில் உயர்ந்திருக்கும். தேடியும் கிடைக்காத நாள்களை விட்டுவிடாமல் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். குறைவதைக் காட்டுபவை அந்தப் பதிவுகள்தாம்.